செபக்காரக் குடும்பம்

— அதைத்தான் நானும் சொல்லுறன் சுகந்தி, அரை மணித்தியாலம் காணும். பொடியன் வந்து எங்கட விறாந்தையில இருந்து ஒரு செபமாலை சொல்லிப்போட்டுப் போகட்டும். நான் என்ன, அவனை ஆழ்கடலுக்கோ அனுப்பக் கேட்டனான்?

— நாளைக்கு ஷாருஜனுக்குக் கிளினிக், மாமி.

— கிளினிக் காலமை. நான் கேக்கிறது இண்டைக்குப் பின்னேரம்.

— அவனுக்கு அலுப்பு.

— செபம் சொல்லுற வாய்க்கு என்ன அலுப்பு? ஞாயித்துக்கிழமை பூசையில பாத்தனான். சுவாமியார் பிரசங்கத்தில கோயில் கூரை, ஒலிபெருக்கி, வெளிநாட்டுக்காரற்ற நல்ல மனசு எண்டு எங்கையெல்லாமோ அலைஞ்சுகொண்டு நிக்கிறார், உன்ர மோன்ட உதடு மட்டும் ஒரு நிமிசம் நிக்கேல்லை. பின்வரிசை வாங்கில இருந்து அரியநாயகத்தார்ர மனுசி முழங்கையால இடிச்சு இடிச்சு எனக்குக் காட்டுறா. அவ காட்டித்தானோ எனக்குத் தெரியவேணும்? நான் கோயில் வாசல்ல வரேக்கையே கண்டிட்டன்.

— நீங்கள் காணாதது என்ன கிடக்கு.

— நக்கலடிக்காதை. எனக்கென்னத்துக்கு ஊர்ப் புதினம், தானா வந்து காதில விழுகுது. ஆனா இது புதினமில்லை, வரம். என்ர பிலிப்பண்ணைக்கு இருந்த வரம். கூடப்பிறந்த தங்கச்சி நான், எனக்குத் தெரியாதோ? உன்ர கொப்பர்தானே, நீயும் கண்டனி, கிழிஞ்ச வலை பொத்தேக்கையும் வாயில செபம், சோறு தின்னேக்கையும் வாயில செபம். அண்ணை போய்ச் சேர்ந்த பிறகு இந்தத் துறைக்காக இனி ஆர் மன்றாடப் போகினம் எண்டு அழுதனாங்கள். இப்ப பேரப்பொடியனுக்கு வந்திருக்கு. நீ என்னடா எண்டா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறாய்.

— ஆருக்காக மாமி செபம்?

— ஆருக்கெண்டு கேளாதை. வீட்டுக் கருத்து ஒண்டு.

— உங்களுக்கும் சொல்ல ஏலாத கதை இருக்கோ? கஜாலினி மச்சாள்ர கலியாணக் காரியமோ?

— ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்.

— மச்சாளைக் கண்டு கனநாள். பள்ளிக்கூடத்துக்கும் போறேல்லையெண்டு கேள்விப்பட்டன்.

— லீவு போட்டிட்டுத் தாயோட வீட்டில நிக்கிறாள். ரீச்சர்மாருக்கு லீவு இல்லையோ? நீ என்னைக் கேள்வி கேக்காதை, கேக்கிறது என்ர வேலை. எங்கை உவன்? மோனை ஷாருஜன், குசினிக்கை என்ன செய்யிறாய்?

— தேத்தண்ணி போடுறன், அல்போன்சம்மா. உங்களுக்கும் ஊத்தவோ?

— ஊத்து. சீனி குறைச்சு. கொண்டுவந்து தந்திட்டு இந்தக் கதிரையில இரு. உன்னட்டை ஒண்டு கேக்கவேணும், சும்மாதான் கேக்கிறன். நீ ஓயாமச் சொல்லுறது என்ன செபம்? அருள்நிறைந்த மரியேயோ, பரலோக மந்திரமோ?

— ஒண்டுமில்லை.

— ஒண்டுமில்லையெண்டா?

— வாய் தன்பாட்டில போகுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. பிடிச்சு நிப்பாட்டிப் பாத்தன், எப்பன் நேரம் நிக்கும், பேந்து துவங்கும். இஞ்ச பாருங்கோ, வாய்க்குள்ள சொக்கையின்ர உள்பக்கம் கடிபட்டுப் புண். தேத்தண்ணியை ஆறவைச்சுத்தான் குடிக்கிறன்.

— கேட்டியோ சுகந்தி? அச்சொட்டா அண்ணை. அவரும் என்னட்டை இதைத்தான் சொன்னவர். ஒருநாள் துறையில வைச்சுக் கேட்டன், அண்ணை, என்ன செபம் சொல்லுறியள் எண்டு. நான் ஒரு செபமும் சொல்லேல்லைப் பிள்ளை, வாய் ஆடுது எண்டார். அப்பவே எனக்கு விளங்கிட்டுது. புனிதர்மார் எந்தக் காலத்தில ஓமெண்டு ஒத்துக்கொண்டவை?

— அப்ப, நான் இல்லையெண்டு சொல்லச் சொல்லப் புனிதர் ஆகிக்கொண்டு போறனோ?

— கதையைப் பார் பொடியன்ர.

— நல்ல வேலைதான். வலை இழுக்கத் தேவையில்லை.

— ஷாருஜன், நீ கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வா.

— பாண் கிடக்கம்மா.

— நாளைக்குக் காலமைக்குக் காணாது. போ ராசா.

— சரி, விளங்குது. கதைக்கப் போறியள். அல்போன்சம்மா, நான் வாறதுக்கிடையில படம் அடிச்சு வள்ளத்தில ஒட்டிப் போடாதேங்கோ. நாளைக்கு நான் பஸ் பிடிக்கவேணும்.

— போயிட்டான். வாய்க்கொழுப்பைத் தவிர எல்லாம் அண்ணை மாதிரி. இப்ப ஏன் நீ அழுறாய்? நான் பிழையா ஏதும் கேட்டனானோ?

— மாமி, அது செபமில்லை.

— அதைத்தான் அவனும்...

— அவன் சொன்னது உண்மை. அப்பா சொன்னதும் உண்மை. அதுக்கு மேல ஒண்டும் இல்லை.

— என்ன பறையிறாய் நீ?

— மருந்து. மனவருத்தத்துக்கு, அதுதான் மனநோய்க்கு, அவன் குடிக்கிற குளிசை வாயை அப்பிடி ஆட்டுது. அப்பாவுக்கும் அந்தச் சாதி மருந்துதான். மாதத்துக்கு ஒருக்கா யாழ்ப்பாணத்துக்குப் போய் ஊசி போட்டவரெல்லோ.

— அது சலரோகத்துக்கு, சீனி வருத்தத்துக்கு.

— அப்பாவுக்குச் சலரோகம் இருந்ததில்லை. கலியாண வீட்டில கேக் துண்டுகளை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு வாற மனுசன். நீங்களே பகிடி பண்ணினனீங்கள், சலரோகக்காரர் களவெடுக்கிறார் எண்டு.

— அண்ணைக்கு மனவருத்தமோ? எப்ப?

— நீங்கள் இந்தியாவில முகாமில நிண்ட காலம். கடலுக்குள்ள இருந்து ஆரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகினம் எண்டு எழும்பி நடப்பார். இடுப்பளவு தண்ணியில போய் நிப்பார். ஒருக்கா அம்மாவையும் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிட்டார். ஊசி துவங்கினாப் பிறகு ஆள் அமைதி. நீங்கள் திரும்பி வந்து கண்டது அந்த அமைதியான மனுசனைத்தான். கொஞ்சக் காலத்தால உதடு அசையத் துவங்கினது. பேந்து விரல். துறையில சின்னனுகள் அவருக்குப் பின்னால வாயைச் சப்பிச் சப்பிக் காட்டிக்கொண்டு வந்ததுகள். அண்டைக்கு அம்மா அலுமாரியில கிடந்த செபமாலையை எடுத்து அப்பாட கையில வைச்சா. விரல் தன்பாட்டில உருண்டுகொண்டிருந்தது, இப்ப அதுக்குள்ள மணி உருண்டுது. அதுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் சிரிக்கேல்லை.

— நேர்த்தி எண்டல்லோ சொன்னது. கடலுக்குப் போறவைக்காக ஓயாமச் செபிக்கிறதெண்டு அண்ணை நேர்த்தி வைச்சவர்.

— ஆர் மாமி சொன்னது?

— ஊர் முழுக்கச் சொன்னது.

— ஊருக்கு ஆர் சொன்னது?

— நான்தான்.

— உங்களுக்கு?

— நீதான். கிணத்தடியில. உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனி. நான் கேக்காமலே சொன்னனி, அப்பவே யோசிச்சனான், இந்தப் பெட்டை வாய் திறக்காதே, இண்டைக்கு என்ன இவ்வளவு தாராளம் எண்டு.

— அம்மா சொல்லி விட்டவா. மாமியிட்டை ஒருக்காச் சொன்னாக் காணும், பிறகு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை எண்டா.

— கொம்மா என்னை அவ்வளவு மதிச்சவ எண்டு இண்டைக்குத்தான் தெரியுது.

— கிழமை முடிய முந்தி மண்டைதீவுக்குப் போயிடும் எண்டா.

— மண்டைதீவோட நிக்கேல்லை. நான் கடலால காரைநகருக்குப் போய், மனுசன்ர பக்கத்துப் பெறாமகள் வீட்டில ஒரு இரவு தங்கி நிண்டு சொன்னனான்.

— எங்களுக்கு அது பெரிய உதவியா இருந்தது, மாமி. அதுதான் சொல்ல வெக்கமாக் கிடக்கு.

— இரு, இரு. அப்ப என்ர மோன் வள்ளத்தில, அந்தோனியாருக்குப் பக்கத்தில ஒட்டி வைச்சிருக்கிற படம்? உந்தத் துறையில அரைவாசி வள்ளத்தில அண்ணைட படம் கிடக்கு. புயலுக்கை அம்பிட்டுத் திரும்பி வந்தவங்கள், பிலிப்பரை நினைச்சம், காத்து விழுந்தது எண்டு மெழுகுதிரி கொளுத்தினவங்கள். அவங்களைக் காப்பாத்தினது யாழ்ப்பாணத்து ஊசியோ?

— சிரிக்காதேங்கோ மாமி.

— சிரிக்கேல்லை. என்ர முகம் அப்பிடி. கூடப்பிறந்தவளுக்கு மறைச்சுப்போட்டியள். சரி, போன மனுசன் போட்டார். வாய் ஆடினாலென்ன, செபிச்சாலென்ன, ஒருத்தருக்கும் தீமையில்லை. இப்ப ஏன் அதைக் கிண்டுறாய்?

— போன கிளினிக்கில நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன். அது தீமை.

— என்ன பொய்?

— புதுசா ஒரு டொக்டர் பிள்ளை வந்திருக்கிறா. ஷாருஜன்ட வாயைக் கண்டிட்டு, நாக்கை நீட்டு, கையை நீட்டு, எழும்பி நட எண்டு வடிவாப் பாத்தா. எங்கட கோயில் பங்கைச் சேர்ந்த நேர்ஸ் தாரிகாதான் பக்கத்தில நிண்டவள். டொக்டர், அது ஒண்டுமில்லை, அவை செபக்காரக் குடும்பம், பொடியன் செபம் சொல்லுறான் எண்டாள்.

— தாரிகா நல்ல பிள்ளை.

— நல்ல பிள்ளைதான், அதுதான் கரைச்சல். டொக்டர் என்னைத் திரும்பிப் பாத்தா. அம்மா, உண்மையாச் செபமோ எண்டா. நான் ஓமெண்டன். ஷாருஜன் என்ர முகத்தைப் பாத்தான், பாத்திட்டு வாயைக் கையால பொத்திக்கொண்டான். அவ விடேல்லை. உங்கட குடும்பத்தில முந்தி ஆரும் இப்பிடி மருந்து எடுத்து, வாயோ கையோ ஆடினதோ எண்டு கேட்டா.

— அவக்கென்னத்துக்குக் குடும்பக்கதை? என்னைவிடப் புதினக்காரியா இருக்கிறாவே.

— அதையும் விளங்கப்படுத்தினவா. இந்த மருந்து எல்லாருக்கும் இப்பிடிச் செய்யாதாம். சிலற்ற உடம்பு மருந்தை மெல்லத்தான் கழிக்குமாம், உள்ளுக்கை தேங்கி நிக்குமாம். சிலற்ற மூளை அதுக்குக் கெதியா ஆட்டம் காணுமாம். அதில ஒரு பங்கு தாய் தேப்பன் வழியா, இரத்தத்தோட வாறது. கட்டாயம் வருமெண்டில்லை. ஆனா ஒரு குடும்பத்தில ஒருத்தருக்கு வந்திருந்தா மற்றவைக்கு வாறதுக்கு வாய்ப்புக் கூடுதலாம். வெளிநாட்டில இரத்தத்தை எடுத்து அதைத் தேடிப் பாக்கினமாம், அதையும் முழுக்க நம்ப ஏலாதாம். எங்களிட்டை அந்தச் சோதனை இல்லை அம்மா, நீங்கள் சொல்லுற குடும்பக்கதைதான் எங்களுக்குச் சோதனை எண்டா.

— நீ என்ன சொன்னனி?

— தாரிகா நிக்கிறாள். ஒருத்தரும் இல்லை எண்டன்.

— நல்லாச் சொன்னாய்.

— மாமி.

— வேற என்ன சொல்லுறது? ஓமெண்டு சொல்லியிருந்தா, நீ பஸ்ஸால இறங்க முந்தி கதை இறங்கியிருக்கும். விசர்க் குடும்பம் எண்டுவினம். மெழுகுதிரி கொளுத்தின கையாலையே படத்தைக் கிழிப்பாங்கள். இந்த ஊரை எனக்குத் தெரியாதோ? என்னை மாதிரி இன்னும் நாலு பேர் கிடக்கினம், அவையளுக்கு என்ர இரக்கமும் இல்லை.

— நாளைக்கு ஊசி, மாமி.

— என்ன ஊசி?

— அப்பாவுக்குப் போட்ட மாதிரி மாத ஊசி. ஷாருஜன் கடலுக்குப் போற நாளில குளிசை குடிக்கிறேல்லை, தூங்கி வள்ளத்தால விழுந்திடுவன் எண்டு. அதால வருத்தம் திரும்பத் தலை காட்டுது. நான் சொன்னதை நம்பித்தான் டொக்டர் ஊசி எண்டு முடிவெடுத்தவா. குடும்பத்தில அப்பிடி இருந்திருந்தா வேற மருந்து யோசிச்சிருப்பன், அதுக்கு அடிக்கடி இரத்தம் சோதிக்கவேணும் எண்டும் சொன்னவா. குளிசையெண்டா ஒரு நாளைக்கு நிப்பாட்டலாம். ஊசி உள்ள போனாப் பிறகு திருப்பி எடுக்க ஏலாது.

— அப்ப ஒண்டும் வேண்டாம் எண்டு விட்டிடன். மருந்தில்லாட்டி வாயும் ஆடாது.

— போன வருசம் சாட்டிக் கரையில கடலுக்குள்ள நடந்து போனவனை, குளிக்க வந்த ஆரோ பொடியள்தான் இழுத்துக்கொண்டு வந்து மணலில போட்டவை. அவனையும் ஆரோ கூப்பிட்டவையாம். மருந்து வேணும் மாமி. எந்த மருந்து எண்டதுதான் கதை. தன்பாட்டில நிப்பாட்டினா இன்னும் மோசமாகும் எண்டும் சொன்னவா.

— அண்ணைக்கும் கடைசியில கஷ்டமா இருந்ததோ?

— நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள். நாக்குத் தள்ளித் தள்ளிச் சோத்தை வெளியில விட்டிடும். பிறகு கஞ்சியும் இறங்கேல்லை. ஊர் என்ன சொன்னது?

— நோன்பிருக்கிறார் எண்டது.

— நீங்கள் எல்லாரும் கட்டிலைச் சுத்தி நிண்டு செபமாலை சொன்னனீங்கள். அப்பா என்னைப் பாத்தவர். பசி, மாமி. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் துவாயால வாயைத் துடைச்சுவிட்டிட்டு உங்களோட சேந்து செபம் சொன்னனான். இப்ப ஷாருஜன் சாப்பிடேக்கை அவன்ர சோத்துக் கோப்பையைப் பாக்க எனக்கு ஏலாது.

— அவனுக்கு மாறுமோ?

— கெதியாக் கண்டு மருந்தை மாத்தினா, குறைய வாய்ப்பிருக்காம். சிலருக்கு மாறிப்போகுமாம். கனகாலம் விட்டா அப்பிடியே நிண்டிடுமாம்.

— எது முதல்ல துவங்கினது? உதடோ, நாக்கோ?

— உதடு. வாயில ரொபி இனிப்பு இருக்கிற மாதிரி. பேந்து கண்ணை அடிக்கடி வெட்டி வெட்டி மூடினவன்.

— கண்ணுமோ.

— ஏன் மாமி?

— சும்மாதான் கேக்கிறன். நித்திரையிலயும் ஆடுமோ?

— இல்லை. நித்திரையில நிக்கும். அப்பாவுக்கும் அப்பிடித்தான். அம்மா அந்த நேரத்தில மட்டும்தான் அவற்ர முகத்தை வடிவாப் பாக்கிறவ.

— ஓம். நித்திரையில நிக்குதுதான்.

— என்ன?

— ஒண்டுமில்லை. பொம்பிளையளுக்கும் வருமோ இது?

— பொம்பிளையளை இன்னும் கவனமாப் பாக்கவேணும் எண்டுதான் சொன்னவா. தேத்தண்ணி ஆறிப்போச்சு மாமி, வேற ஊத்தவோ?

— வேண்டாம். எழும்பாதை, இரு. நாளைக்கு என்ன செய்யப் போறாய்?

— சொல்லப் போறன். தாரிகா நிண்டாலென்ன, ஊரே வந்து நிண்டாலென்ன. படத்தைக் கிழிக்கிறவை கிழிக்கட்டும். அப்பாட பேரைக் காப்பாத்தவெண்டு பிள்ளைட வாயைக் குடுக்க என்னால ஏலாது. உங்களிட்டை ஒண்டுதான் கேக்கிறன். நான் டொக்டரிட்டைச் சொல்லுறதுக்கிடையில இது வெளியில போகக்கூடாது.

— போகாது.

— நீங்கள் சொல்லமாட்டியளோ?

— நான்தான். அல்போன்சம்மாதான் சொல்லுறன், சொல்லமாட்டன். என்னாலயும் ஏலும். ஒரு வருசமா ஒரு கதையை என்ர வீட்டுக்கை வைச்சிருக்கிறன், உனக்கே தெரியாது, அரியநாயகத்தார்ர மனுசிக்கே தெரியாது.

— என்ன கதை?

— நாளைக்கு நானும் வாறன். பஸ்ஸில எனக்கும் கஜாலினிக்கும் இடம் பிடி.

— மச்சாளுக்கு என்ன?

— லீவில நிக்கிறாள் எண்டது பொய். ஆரோ தன்னைக் கவனிச்சுக்கொண்டு நிக்கினம், கரும்பலகைக்குப் பின்னால நிண்டு கதைக்கினம் எண்டாள். யாழ்ப்பாணம் ரவுணில ஒரு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறனான், முகத்தை மூடிக்கொண்டு. குளிசையில ஆள் தெளிஞ்சிட்டாள். இப்ப கொஞ்ச நாளா உதடு அசையுது. நான் அழுதனான் சுகந்தி, சந்தோசத்தில. அண்ணைட வரம் என்ர வீட்டுக்கும் வந்திட்டுது, ஷாருஜனும் அவளும் ஒண்டா இருந்து செபிச்சா மிச்ச வருத்தமும் மாறிடும் எண்டு நினைச்சுத்தான் இண்டைக்கு வந்தனான்.

— மாமி, அந்த டொக்டர் உங்களிட்டைக் குடும்பத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?

— குளிசை துவங்க முந்தியே கேட்டவர் பிள்ளை. நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை ஐயா, எனக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு அண்ணை, அவர் சாகுமட்டும் செபிச்ச மனுசன் எண்டு சொன்னனான்.